இங்கே சத்தமாக வாசிக்கவும்

ரிக் முகாம், ராய்ப்பூர் தாண்டி,
24.10.2024

அன்புள்ள தனப்பிரியாவுக்கு,

கந்தவேல் எழுதுவது. வந்து சேர்ந்துவிட்டேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, புழுதிக்குத் தும்மல்தான். உனக்குத் தையல் போட்ட இடத்தில் வலி குறைந்ததா? பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாளா? மாமாவும் அத்தையும் சௌக்கியம்தானே?

முதலில் ஆஸ்பத்திரி விஷயத்தை முடித்துவிடுகிறேன். நீ இதற்குள் ஜேடர்பாளையம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய். என் பக்கத்தையும் கேள்.

அஸ்தம்பட்டியில் பாப்பாவை என் கையில் கொடுத்தபோது அந்த சிஸ்டர் என்ன சொன்னார்? "அப்பாவும் பேசோணுங்க. பொறந்த நாள்லயிருந்தே எதாச்சும் படிச்சுக் காட்டுங்க. புரியறதுக்கில்லீங்க, கொரலு பழகறதுக்கு." படிக்கச் சொன்னால் கையில் புத்தகமா இருக்கிறது? எதிர்ச் சுவரில் ஒரு பலகை இருந்தது, அதைப் படித்தேன். "செருப்பை வெளியே விடவும். பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஆறு வரை. எச்சில் துப்பாதீர்." என் மகள் இந்த உலகத்தில் முதன்முதலாகக் கேட்ட வாசகம் அது. கெட்ட புத்திமதி ஒன்றும் இல்லையே.

குரல்தான் கொஞ்சம் கூடிவிட்டது. போர்வெல் போடும் ரிக் வண்டியில் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று பேசிப் பழகினவனுக்கு அதுதான் மெல்லிய குரல். வார்டில் இருந்த குழந்தைகள் எல்லாம் ஒன்றுகூடி அழுததாகவும், தீப்பிடித்துவிட்டதென்று வாட்ச்மேன் ஓடி வந்ததாகவும் நீ சொன்னாய். அந்த மனிதர் என் தோளைத் தொட்டுத் திருப்பின பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். சிஸ்டர் என்னைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டார்.

சரி, புறப்படும்போது நீ சொன்னது நினைவிருக்கிறது. போனைப் பாப்பா மூஞ்சிக்கு முன்னால் நீட்டக் கூடாது, உங்கள் வீட்டில் படிப்பதற்கு நாள்காட்டித் தாளைத் தவிர வேறு காகிதம் கிடையாது, அதனால் நான் எழுத வேண்டும், நீ வாசித்துக் காட்ட வேண்டும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். திருச்செங்கோட்டிலிருந்து சாமான் ஏற்றி வரும் லாரியில் டிரைவர் தங்கசாமி திரும்பும்போது கொடுத்தனுப்புவேன். லாரி எப்போது கிளம்புகிறதோ அப்போதுதான் கடிதமும்.

பாப்பாவுக்கு வாசிக்க: 
சாமீ, உங்கப்பன் ஒரு பெரிய வண்டி வைத்திருக்கிறேன். வண்டி என்னுடையது இல்லை, முதலாளியுடையது. அது ஓடாது, நின்ற இடத்தில் பூமிக்குள் இறங்கும். (இங்கே சத்தமாக) டக டக டக டக! அப்புறம் பூமிக்குள்ளிருந்து புழுதி வரும். முதலில் சிவப்பு. அப்புறம் வெள்ளை. அப்புறம் கறுப்பு. அப்பன் மூக்கும் சிவப்பு, வெள்ளை, கறுப்பு.

இவ்வளவுதான் எனக்கு வந்தது. 

உன்,
கந்தவேல்


ஜேடர்பாளையம்,
19.11.2024

பாப்பாவின் அப்பாவுக்கு,

தனப்பிரியா எழுதிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் நலம். உங்களுக்குத் தும்மல் நின்றதா? துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நில்லுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

கடிதம் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் போன வாரம்தான் வந்தது. பாப்பா அதன்மேல் ஒரு தடவை ஒன்றுக்குப் போய்விட்டாள். காய வைத்துத்தான் படித்தேன்.

சிஸ்டர் சொன்னமாதிரி மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். அழுதாள். பாட்டாகப் படித்தேன், அதற்கும் அழுதாள். அப்புறம் நீங்கள் சத்தமாக என்று எழுதியிருந்த இடம் வந்தது. சரி போகட்டும் என்று உங்களைப்போலவே தொண்டை கிழியக் கத்தினேன். அழுகை நின்றுவிட்டது. நம்புங்கள், முகத்தை வாசல் பக்கம் திருப்பினாள். நீங்கள் வெளியே வண்டியை நிறுத்திவிட்டுக் கத்திக்கொண்டே உள்ளே வருவீர்களே, வயிற்றில் இருக்கும்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்போல.

அப்பா சொல்கிறார், "பேசத் தெரியாத புள்ளைக்குப் படிக்கத் தெரியாத அப்பன் பாடம் நடத்தறானாக்கும்." சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கடைசி வரிவரை கேட்டார். "மூக்கு எதுக்குக் கறுப்பாச்சுங்கறே?" என்று மறுநாள் கேட்டார்.

நான் கேட்பது ஒன்றுதான். நான் கத்தினதற்கே திரும்பினாளே, உங்கள் குரலே கேட்டால்? சாயங்காலம் வேலை முடிந்ததும் போன் போடுங்கள். ஸ்பீக்கரில் வைத்துத் தூரத்தில் வைக்கிறேன், மூஞ்சிக்கு நீட்டவில்லை. நீங்கள் படியுங்கள்.

நேற்று பேசினதெல்லாம் ஒரு பேச்சா? "நல்லாருக்கியா, பாப்பா நல்லாருக்காளா, சரி, வெச்சுடறேன்." நடுவில் பாப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்றேன். "ரொம்ப சந்தோசம்" என்றீர்கள்.

சளி இப்போது பரவாயில்லை.

இப்படிக்கு,
தனப்பிரியா


ரிக் முகாம்,
5.12.2024

அன்புள்ள தனப்பிரியாவுக்கு,

நான் சுகம். பாப்பாவின் சளிக்கு நான் சந்தோஷப்பட்டது தப்புத்தான். இங்கே சிக்னல் அப்படி. ஒரு கோடு இருக்கும், மறு நிமிஷம் இருக்காது. போதாததற்கு இந்தக் கம்ப்ரசர் வேறு. அது நின்ற பிறகும் தலைக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும், நான் தூங்கினாலும் அது தூங்காது. இதில் எங்கே போனில் படிப்பது? எழுதுவதே நல்லது. காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம்.

எனக்கு முன்னால் இந்த வண்டியில் டிரில்லராக இருந்த ஆண்டி அண்ணனை உனக்குத் தெரியுமே, நம் கல்யாணத்துக்கு வந்து மூன்று பந்தியில் சாப்பிட்டார். அவரை இந்த வருஷம் கீழே இறக்கிவிட்டார்கள். காது மந்தமாம். மேனேஜர் தீனதயாளன் பின்னால் நின்று கூப்பிட்டாராம், இவர் திரும்பவில்லையாம். பாறையின் சத்தம் கேட்காதவன் எப்படி டிரில்லர் என்று சொல்லி, இப்போது சமையல் பக்கம் வெங்காயம் உரிக்க வைத்திருக்கிறார்கள். அவர் கண்ணிலும் தண்ணீர், கேட்டால் வெங்காயம் என்கிறார். ஏதோ ஞாபகம் வந்தது, சொன்னேன். உண்மையில் பாறையைப் பார்க்கக் காது எதற்கு? லீவரில் வைத்த உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். மண்ணென்றால் ஒரு நடுக்கம், கல்லென்றால் ஒரு நடுக்கம்.

பாப்பாவுக்கு வாசிக்க:
சாமீ, நேற்று ஒரு கிழவர் காட்டில் போர் போட்டோம். கிழவருக்கு ஒரு மாடு, ஒரு பல். காலையில் ஆரம்பித்தோம். (இங்கே சத்தமாக) டக டக டக! சிவப்புப் புழுதி வந்தது. தண்ணீர் இல்லை. வெள்ளைப் புழுதி வந்தது. தண்ணீர் இல்லை. கிழவர் குழிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். மாடும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. கறுப்புப் புழுதி வந்தது. அப்போது என் உள்ளங்கையில்

தங்கசாமி ரொம்ப நேரமாக ஹாரன் அடிக்கிறானாம். ஆண்டி அண்ணன் வந்து காகிதத்தைப் பிடுங்குகிறார். இத்தோடு அனுப்புகிறேன்.

கந்தவேல்


ஜேடர்பாளையம்,
2.1.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே சுகம். அங்கேயும் சுகம் என்றுதான் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை.

அப்பா உங்கள்மேல் கோபமாக இருக்கிறார். "தண்ணி வந்துச்சா, இல்லியா? அதைச் சொல்லாத ஒரு மனுசன் லெட்டரை ஒட்டுவானா?" என்று என்னைப் பிடித்துக் கத்துகிறார். அந்தக் கிழவர் கதையைப் பாப்பாவுக்கு நான் படித்ததைவிட அப்பாவுக்குப் படித்ததுதான் அதிகம். போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒற்றைப் பல் கிழவரைப் பற்றிச் சொல்கிறார், முடிவு தெரியாமல் எல்லோரும் தவிக்கிறார்கள்.

நான் இன்னொன்றுக்காகத் தவிக்கிறேன்.

போன வாரம் வாட்ஸப்பில் பாப்பாவின் சத்தத்தைப் பிடித்து அனுப்பினேனே, அதற்கு நீங்கள் "தேன் மாதிரி இருக்குது, இன்னொருக்கா போட்டுக் கேட்டேன்" என்று பதில் போட்டிருந்தீர்கள். எனக்கும் ஆசையாக இருந்தது, திரும்பப் போட்டுக் கேட்டேன். பாப்பா சத்தமே அதில் இல்லை. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், தெரியாமல் பட்டனை அழுத்தியிருக்கிறேன். அதில் இருந்தது அம்மா மிக்சியில் சட்னி அரைத்த சத்தம்.

ஏனுங்க, ஏன் அப்படி எழுதினீர்கள்?

கேட்கவே இல்லாமல் கேட்டேன் என்று போட்டீர்களா? பாப்பாவின் சத்தத்தைக் கேட்கக்கூட உங்களுக்கு நேரம் இல்லையா? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சிக்னல் இல்லை என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

தனப்பிரியா


ரிக் முகாம்,
20.1.2025

அன்புள்ள தனப்பிரியாவுக்கு,

பொங்கல் வாழ்த்து, பழையதாகிப்போனாலும். இங்கே பச்சரிசி கிடைக்காமல் குருணையில் வைத்தோம். பொங்கியது, அடி பிடித்தது, தின்றோம். அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் வீட்டு மிக்சி நன்றாகத்தான் ஓடுகிறது. கல்யாணத்துக்கு நான் வாங்கித் தந்ததல்லவா, எனக்குத் தேன் மாதிரிதான் இருக்கும்.

சிரிப்பு வராது என்று தெரியும். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதுவும் கிழிக்க வேண்டியதுதான், ஆனால் காகிதம் தீர்ந்துபோகிறது. நேரம் இல்லாமல் இல்லை, தனம். போனைக் காதில் வைத்து அழுத்தி, கூடாரத்துக்குப் பின்னால் போய், துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டுதான் போட்டேன். ஏதோ ஓடுவது தெரிந்தது. நீ அனுப்பினால் பாப்பாவாகத்தானே இருக்கும்?

ஒரு நல்ல சேதியும் உண்டு. லீவுக்கு வரும்போது அந்த சிஸ்டர் சொன்னமாதிரி மெல்லிய குரலில் படிப்பதற்கு இங்கே பழகிக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் அரிசிச் சாக்கில் அச்சடித்திருப்பதைப் படிப்பேன். ஆண்டி அண்ணனைத் தூரத்தில் நிற்க வைத்து, கேட்டால் கையைத் தூக்கு என்று சொல்லியிருந்தேன். அவர் கையைத் தூக்கவே இல்லை. ஆகா, மெல்லப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று பார்த்தால், அவருக்கே காது மந்தம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்குள் பக்கத்து மேட்டில் மேய்ந்த ஆடெல்லாம் ஓடிப்போயிருந்தன. என் குரல் எவ்வளவு என்று எனக்கே பிடிபடவில்லை.

மாமாவிடம் சொல்: தண்ணீர் வந்தது. ஒரு குடம் அளவுக்கு வந்து நின்றுவிட்டது. கிழவர் அதைக் கையில் பிடித்து முதலில் மாட்டுக்குக் காட்டினார்.

பாப்பாவுக்கு வாசிக்க:
சாமீ, நீ என்ன சொன்னாய்? அப்பன் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வருகிறேன். இன்னொரு தடவை சொல்லு.

கந்தவேல்


ஜேடர்பாளையம்,
14.2.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

தனப்பிரியா எழுதுவது. எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தைப் பாப்பாவுக்குப் படித்தேன், எல்லாம் படிக்கவில்லை. ஆடு ஓடின இடத்தை அப்பா இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். தண்ணீர் நின்றுபோனதைக் கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர் சாயங்காலம்தான் திரும்பினார்.

இனிமேல் சத்தத்தைப் பிடித்து வாட்ஸப்பில் அனுப்ப மாட்டேன். எழுதியே அனுப்புகிறேன். சரியா?

காலையில் எழுந்ததும் "ங்கூ" என்பாள். சும்மா இல்லை, கேள்வி கேட்பதுபோல, கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கி. பால் வரத் தாமதமானால் "ங்ஙே". அது உங்கள் அத்தை கோபத்தில் மூக்கை உறிஞ்சுவது மாதிரியே இருக்கும். குளிக்க வைக்கும்போது ஒன்றும் சொல்ல மாட்டாள், தண்ணீரைத் தலைக்கு ஊற்றினதும் மூச்சை இழுத்து "ஹ" என்று ஒரே ஒரு தடவை. உங்கள் கடிதம் படிக்கும்போது புதுசாக ஒன்று வந்திருக்கிறது. உதட்டை மூடி உள்ளேயே "ம்ம்ம்ம்" என்று இழுக்கிறாள். தூரத்தில் உங்கள் வண்டி ஓடுகிற மாதிரி. அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அப்பன் வண்டியை இவ இங்க ஓட்டறாளே" என்றார்.

இன்னும் வந்தால் இன்னும் எழுதுகிறேன்.

அப்புறம் ஒரு சேதி. அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகக் காது சரியில்லை. சேலம் சூரமங்கலத்தில் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு காது டாக்டர் நன்றாகப் பார்க்கிறாராம். லீவுக்கு வரும்போது நீங்கள்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போகிறதுதான் போகிறீர்கள், துணைக்கு நீங்களும் ஒரு தடவை காட்டிக்கொண்டு வந்தால் என்ன?

அன்புடன்,
தனப்பிரியா


ரிக் முகாம்,
3.3.2025

தனப்பிரியாவுக்கு,

சுகம்.

மாமாவுக்குக் காது ரொம்ப நன்றாக இருக்கிறது. நான் எழுதுகிற வரியில் ஒரு சொல் விட்டுப்போனால்கூட அங்கிருந்து குற்றம் கண்டுபிடிக்கிறார். அவர் பேரைச் சொல்லிச் சுற்றி வளைத்து எழுத வேண்டியதில்லை.

நான் சம்பாதிக்கிறது டிரில்லர் வேலையில். டாக்டர் ஒரு சீட்டு எழுதினால் அது திருச்செங்கோட்டு ஆபீசுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகாது, தீனதயாளனுக்கு அங்கே ஆயிரம் காது. அப்புறம் நானும் ஆண்டி அண்ணனும் எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிப்போம். பாப்பாவுக்கு வெங்காயக் கதை எழுதுகிறேன், வாசித்துக் காட்டு.

ஊரில் எல்லோருக்கும் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். என் மகளுக்கு என் பேரைச் சொல்லி நீ கத்த வேண்டியிருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

கந்தவேல்


ரிக் முகாம்,
27.3.2025

அன்புள்ள தனப்பிரியாவுக்கு,

சாமான் லாரி வந்தது. டிரில் பிட் வந்தது, டீசல் பில்டர் வந்தது, அத்தை கொடுத்த எள்ளுருண்டை வந்தது. கடிதம் வரவில்லை. தங்கசாமியின் டேஷ்போர்டை நானே கிளறிப் பார்த்தேன். ஏதோ கடையில் வாங்கின சீப்பு ஒன்றுதான் இருந்தது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? பாப்பா குப்புற விழுகிறாளா? ஆறு மாதம் ஆகப்போகிறது.

போன கடிதத்தைப் பாப்பாவுக்கு வாசித்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். அதில் வாசிக்க ஒன்றும் இல்லை. எழுதி முடித்ததும் ஓடிப்போய் லாரியை நிறுத்தலாம் என்று பார்த்தேன், தங்கசாமி அன்றைக்கென்று நேரத்துக்குக் கிளம்பிவிட்டான். நான் கத்தினேன். என் குரலுக்கு மாநிலமே திரும்பிப் பார்த்திருக்கும், அவன் மட்டும் திரும்பவில்லை.

நீ எழுதின "ங்கூ"வைச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் மேலே தூக்கி. முகாமில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். "ம்ம்ம்ம்" சுலபமாக வந்தது. மார்பில் கை வைத்துக்கொண்டு சொன்னால் கைக்கே தெரிகிறது.

புதுசாக ஏதாவது சொல்கிறாளா? எழுது. 

பாப்பாவுக்கு வாசிக்க:
சாமீ, அப்பனுக்குக் கோபம் வந்தது. போய்விட்டது. (இங்கே மெல்ல.)

உன்,
கந்தவேல்


ஜேடர்பாளையம்,
15.4.2025

மாப்பிள்ளை கந்தவேலுக்கு,

அப்புசாமி எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நேற்று சித்திரைப் பிறப்பு, நீங்கள் இல்லாதது ஒரு குறை.

இங்கே நிலைமை சரியில்லைங்க. நீங்கள் அனுப்பின லெட்டரை மகள் வாங்கி வைத்துக்கொண்டு படிக்கவே மாட்டேன் என்கிறாள். பாப்பா சாயங்காலமானால் அழுகிறது. அந்த நேரத்துக்குப் படித்துக் கேட்டுப் பழகிவிட்டது. சரி என்று நானே நாள்காட்டித் தாளைக் கிழித்து ராகுகாலம், எமகண்டம் என்று படித்துக் காட்டினேன். இன்னும் அதிகமாக அழுகிறது. எனக்கும் உங்கள் லெட்டர் இல்லாமல் பொழுது போகவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். எனக்குக் காது கேட்கவில்லையாம். மகள் சொல்கிறாள். நீங்கள் வந்ததும் உங்களோடு சேலத்துக்குப் போய்க் காட்டிக்கொள்ள வேண்டுமாம். மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கள், எனக்கா காது கேட்காது? அணையில் மதகு திறந்தால் இந்தத் தெருவில் முதலில் எழுந்து உட்காருகிறவன் நான். "எனக்கு என்னாயா கேக்குல?" என்று கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறாள். புள்ளை பெற்ற உடம்பு, எதிர்த்துப் பேச வேண்டாமென்று சரி வாரேன் என்று சொல்லிவிட்டேன். 

நான் செவிடனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீங்கள் லீவு போட்டு ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
கே. அப்புசாமி


ஜேடர்பாளையம்,
26.4.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

அப்பா உங்களுக்கு எழுதினது எனக்குத் தெரியாது. மே மாதம் நான்கு நாள் லீவு என்று தங்கசாமி அண்ணன் சொன்னார். வாங்க.

டாக்டர் பேச்சை நான் எடுக்க மாட்டேன்.

ஒன்று மட்டும். மெல்லிய குரலுக்குப் பழகிக்கொண்டு வராதீர்கள். அவள் திரும்பிப் பார்த்தது அந்தக் குரலுக்குத்தான்.

தனப்பிரியா


சூரமங்கலம்,
13.5.2025

அன்புள்ள தனத்துக்கு,

காலையில்தான் உன்னிடம் சொல்லிவிட்டு வந்தேன், அதனால் சுகம் விசாரிக்கவில்லை. இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்காதே. மாமா கேட்டால், இதில் கிழவரும் இல்லை, மாடும் இல்லை என்று சொல்லிவிடு.

நான்கு நாளும் வீடு நிறைய ஒறம்பரை, சொந்தபந்தம். நீயும் நானும் தனியாக நான்கு வார்த்தை பேசவில்லை. ஆனால் நீ செய்ததை எல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். பாப்பா என் மடியில் இருக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாய். அவள் ஏதாவது சத்தம் போட்டால் என் முழங்கையில் விரலால் ஒரு தட்டு. நான் உடனே குனிந்து "என்ன சாமீ?" என்பேன். பார்க்கிறவர்களுக்கு, அப்பன் எவ்வளவு கவனமாக இருக்கிறான் என்று இருக்கும். ஒறம்பரைக்கு வந்த உன் அத்தைகூட "மாப்ளைக்குப் புள்ளை மேல எத்தனை உசுரு" என்று சொன்னதாகச் சொன்னாய். அந்தப் பேர் உன் விரலுக்குச் சேர வேண்டியது. எப்போது கண்டுபிடித்தாய்? மிக்சியிலா, அதற்கு முன்னாலா? திட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று திட்டாமல் பாப்பாவின் சத்தத்தை எழுதி அனுப்பினாயே, அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் கேடுகெட்ட கடிதத்தை எழுதினேன்.

நேற்று சாயங்காலம் நீ அடுப்படியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாய். மாமா என் பழைய கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்து, "நீங்களே உங்க வாயால படிங்க மாப்ள" என்று சைகையும் பேச்சுமாகச் சொன்னார். பாப்பாவை மடியில் வைத்து, முதுகில் கையை வைத்துக்கொண்டு, கத்தித்தான் படித்தேன். சிவப்புப் புழுதி வந்தது, தண்ணீர் இல்லை. வெள்ளைப் புழுதி வந்தது, தண்ணீர் இல்லை. அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டக டக டக என்றேன். அப்போது என் உள்ளங்கையில், அவள் முதுகுக்குள்ளிருந்து, இரண்டு தட்டு வந்தது. "ம்ம்ம்ம்" மாதிரி இழுவை இல்லை. ஒன்று, இன்னொன்று. உதடு ஒரு தடவை மூடித் திறந்தது. 

மாமா துள்ளி எழுந்தார். அத்தை கையைத் தட்டினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் கையைத் தட்டினார்கள். நீ கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாய், என் முகத்தைப் பார்த்தாய், உன் கண்ணெல்லாம் தண்ணீர். நானும் சிரித்தேன். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தேன். மாமா என் தோளைப் பிடித்து உலுக்கி என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார், நான் "ஆமாங்க மாமா, ஆமாங்க" என்றேன். வந்தவர்கள் போக இருட்டிவிட்டது, பாப்பா தூங்கிவிட்டாள், காலையில் நான் கிளம்பிவிட்டேன்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நீ சொன்ன டாக்டரின் போர்டு ஸ்டேஷனிலிருந்து பார்த்தாலே தெரிகிறது, அந்தப் பக்கம் பார்க்காமல் டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். இப்போது அங்கேதான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பேரில்தான் டோக்கன், மாமா பேரில் இல்லை. பேர் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, தோளைத் தட்டுங்கள் என்று பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முதன்முதலாக ஒருவரிடம் சொல்கிறேன், அந்த அம்மாவுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு முறுக்கு நீட்டினார். வெங்காயமோ லீவரோ, டாக்டர் சொல்கிறதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று அத்தனை பேர் நடுவில் என் வாய்வரை வந்து, மாமாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்ட ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு மட்டும் பதில் எழுது. போனில் வேண்டாம், காகிதத்தில், பெரிய எழுத்தாக எழுது.

பாப்பா என்ன சொன்னாள்?